குறுக்கீடு அதிகம்

மாரமங்கலம்
4.9.1983

அமலிக்கு,

அப்பா போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. உன் அண்ணன் மரியஅந்தோணி வந்திருந்தான், எழுதியிருப்பான். காய்ச்சல்தான். ஏற்காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் இரண்டு நாள் மழை, பஸ் வரவில்லை.

துக்கம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு காரியம் இருக்கிறது.

எங்கள் மேட்டுக்காட்டை ரோஸ்மவுண்ட் எஸ்டேட் தன் எல்லைக்குள் காட்டி வரைபடம் கொடுத்திருக்கிறது. வரும் ஜனவரி பன்னிரண்டாம் தேதி ஏற்காட்டில் விசாரணை. எங்களிடம் பட்டா இல்லை. அப்பா சாமை விதைத்தார், அதற்கு முன் அவருடைய அப்பா விதைத்தார். இருப்பது அவ்வளவுதான்.

போன வருஷம் ஜனவரியில் நீ டெல்லி ஆபீஸ் ரிக்கார்டு மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாயே. பாட்டுப் பதிய வந்தவளுக்கு அப்பா எல்லை சொன்னார். அந்த டேப் வேண்டும்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். எல்லை சொல்வது எங்கள் வீடுகளில் பங்கு பிரிக்கும்போது மட்டும் நடக்கும். மூத்தவர் முன்னால் நடந்து ஒவ்வோர் அடையாளத்திலும் நின்று அதன் பெயரைச் சொல்வார். பின்னால் வரும் ஐந்து பேர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் அந்த அடையாளம் செல்லாது. அப்பா அதை வேடிக்கைக்குச் செய்து காட்டுகிறவர் அல்ல. அன்று நடந்தார் என்றால் அது அந்த மிஷினுக்காக. அது சர்க்கார் மிஷின்.

போன ஐப்பசியில் சர்வேக்காரர் வந்து எல்லையைக் கேட்டார். அப்பா சொன்னார்: "எல்லாஞ் சொல்லீட்டனுங்க. டெல்லியில இருக்குது. போயிக் கேட்டுக்கோங்க." சர்வேக்காரர் சிரித்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கூட்டுறவுச் சங்கத்தில் பதினோரு வருஷமாக ரைட்டர் வேலை. ஒரு காகிதத்தில் எழுதி வாங்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. டெல்லியில் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆமா சொன்ன ஐந்து பேரில் இரண்டு பேர் இன்று இல்லை. ஒருவர் குடகுக்குக் காப்பி வேலைக்குப் போனவர், விலாசம் தெரியாது. மாதேஸ்வரன் சித்தப்பாவுக்குக் காது போய்விட்டது. ஐந்தாவது ஆள் பழனிசாமி. ரோஸ்மவுண்டில் வாட்ச்மேன்.

டேப்பை அனுப்பு.

அங்கப்பன்


தில்லி
19.9.1983

அண்ணா,

அந்தோணி அண்ணன் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

என்ன எழுதுவது என்று யோசித்தே நான்கு நாள் ஆயிற்று. நினைவுக்கு வருவதெல்லாம் சின்ன விஷயங்கள். அன்று காலைக் குளிரில் பேட்டரி வேலை செய்யவில்லை. உங்கள் அம்மா மிஷினை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். கைக்குழந்தையை வைப்பதுபோல. உங்கள் அப்பா அதுவரை புறப்படாமல் காத்திருந்தார்.

டேப் என்னிடம் இல்லை. எங்கள் ஆபீஸ் ஒரு ஒலிக் காப்பகம், அதில் எதுவும் பதிந்தவருடையது அல்ல. நான் இப்போது வெளியூர்ப் பதிவிலும் இல்லை, பட்டியல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரதி வேண்டுமென்றால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். படிவம் இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்புங்கள். பதிவு எண் கேட்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

தேடுகிறேன்.

அமலி


மாரமங்கலம்
8.10.1983

அமலிக்கு,

படிவம் இத்துடன். 'பயன்பாட்டின் நோக்கம்' என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறது. ஆராய்ச்சி, ஒலிபரப்பு, கல்வி. எங்களுடையது எதிலும் சேரவில்லை. ஆராய்ச்சியில் குறி போட்டேன். தப்பென்றால் திருத்திக்கொள்.

விஷயம் மாரியப்பன் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

"ஏனுங்க ரைட்டரே, உங்கப்பாரு டெல்லியிலயே தங்கீட்டாராமா?" என்றான்.

"டேப்பு வருதுங்க."

"வரட்டும். நம்ம மிஷின்லயே போட்டுரலாம். காலையில சாமி பாட்டு, மத்தியானம் உங்கப்பாரு. ஆனா ஒண்ணு, உசுரோட இருக்கறப்பவே அந்த மனுசன் பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. டேப்பு அந்துபோயிரும் பாத்துக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா செத்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

பழனிசாமி எஸ்டேட் காக்கிக் கோட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் கிளம்பியதும் பின்னாலேயே வந்தார். வளைவு தாண்டியதும் பக்கத்தில் வந்தார்.

"அங்கப்பா, நான் ஆமான்னு சொன்னதும் அதுல இருக்குமல்லோ?"

"இருக்குமுங்க."

"தெளிவாக் கேக்குமா?"

"உங்க குரலு வாழவந்திக்கே கேக்குமே."

"அப்பச் சரி. நானா அந்த ஆபீசர் முன்னால வாயத் தொறந்தா அடுத்த நாளு எனக்கு ஊடு இல்ல சாமி. எஸ்டேட் லைன் ஊட்டுல குடியிருக்கறேன், உனக்குத் தெரியாததா? ஆனா டேப்பு சொல்லிருச்சுன்னா வேற. 'எப்பவோ சொன்னதுங்க தொரை, மிஷினு புடிச்சு வெச்சுக்கிச்சு, நான் என்ன பண்ணட்டுமுங்க'ன்னு நின்னுக்குவேன். இல்லைன்னு சொல்ல முடியாது பாரு."

அவருக்கும் அந்த டேப் வேண்டும். என்னைவிட அவருக்கு அதிகமாக வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

பதில் சீக்கிரம் போடு.

அங்கப்பன்


தில்லி
30.10.1983

அண்ணா,

இங்கே எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன்.

காப்பகம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. அஸ்ஸாம், கட்ச், நம் மலை, எங்கெங்கிருந்தோ மாதம் நூறு டேப் வருகிறது. அலமாரி கொஞ்சம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேர்வுக் குழு கூடும். நான்கு பேர். சங்கீதம் தெரிந்தவர் இருவர், மொழியியல் படித்தவர் ஒருவர், இயக்குநர். தமிழ் ஒருவருக்கும் தெரியாது. ஒரு டேப்புக்குப் பத்து நிமிடம். டேப்போடு ஒரு குறிப்புத் தாள் போகும். எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பதிந்தவர் எழுதுவது. தாளைப் படித்துவிட்டு, டேப்பை அங்கங்கே ஓட்டிக் கேட்பார்கள்.

அவர்களுடைய கேள்விகள் எனக்கு மனப்பாடம். இது ஏற்கெனவே நம்மிடம் உண்டா? அரிதானதா? ஒலி சுத்தமா? பாடியவர் பெயர், ஊர், தேதி இருக்கிறதா? வழக்கு, தகராறு சம்பந்தமான பேச்சு உண்டா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று வந்தால் அந்த டேப்பையே தொடமாட்டார்கள். நாளைக்கு யாராவது கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்ற பயம்.

தேர்ந்தெடுத்த பகுதியைப் புது டேப்புக்கு மாற்றி எண் கொடுப்பார்கள். எண் விழுந்த பிறகுதான் அது காப்பகத்தில் இருப்பதாகக் கணக்கு. அதுவரை அது வெறும் டேப்.

உங்கள் அப்பாவுக்கு எண் இருக்கிறது. அந்த எண்ணில் இருப்பது குருவி ஓட்டும் பாட்டு. இரண்டு நிமிடம் பத்து விநாடி. எல்லை நடந்து முடித்து, மூச்சு வாங்கக் கல்லின்மேல் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே பாடினார்.

மற்றதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

அமலி


மாரமங்கலம்
18.11.1983

அமலிக்கு,

மற்றது என்று எழுதியிருக்கிறாய். அந்த மற்றதைத்தான் நான் கேட்டேன். பாட்டை யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனேன். மொத்தம் பதினேழு அடையாளம் என்பது தெரியும். ஆனைக்கல்லில் ஆரம்பம். ரெட்டைப் பலா, கரடிப் பாறை, முள்ளுச்சந்து என்று அம்மா கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒன்பதாவது சுனை. அங்கே நின்றுவிட்டாள்.

"அதுக்கு மேல ஆம்பளைங்கதான் போவாங்க சாமி. நான் சோத்தக் கொண்டாந்து இங்கியே வெச்சுட்டு நின்னுக்குவேன். உங்கப்பன் அக்கட்டால சத்தம் போடறது கேக்கும். என்ன சொல்றாருன்னு காதுல வாங்குலீயே."

சர்க்கார் மிஷினோடு வந்ததால் அன்று உன்னை மட்டும் மேலே விட்டிருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீ கேட்கலாம். நான் ஒரே மகன். பங்கு பிரிக்க ஆள் இல்லை. அதனால் எனக்கு யாரும் எல்லை சொல்லவில்லை. நீ பதிந்த அன்று சங்கத்தில் காப்பி எடை போடும் நாள். லீவு கேட்டிருக்கலாம்.

மாதேஸ்வரன் சித்தப்பாவின் காதில் கத்திக் கேட்டேன். பத்தாவது என்னங்க? ஆமா என்றார். புளியமரமா? ஆமா. அங்கே புளியமரமே கிடையாது. வேண்டுமென்றே ஒரு பெயரைக் கட்டிச் சொன்னேன், மோட்டார் கல்லு. அதற்கும் ஆமா என்றார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொல்கிறார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

எட்டு அடையாளம் வேண்டும். பாட்டு வேண்டாம். நேராகப் பதில் எழுது.

அங்கப்பன்


தில்லி
5.12.1983

அண்ணா,

மற்றது இல்லை.

செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும். தேடுகிறேன் என்று எழுதினேன். தேடவில்லை.

டேப் வெளிநாட்டிலிருந்து வருகிறது. தட்டுப்பாடு. வேண்டிய பகுதியை மாற்றி எடுத்ததும், பழைய டேப்பைக் காந்தப் பெட்டியில் வைப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வெறும் டேப் ஆகிவிடும். அடுத்து வெளியூர் போகிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் அப்பாவின் டேப் போன வருஷம் ஜூன் மாதமே போய்விட்டது. சர்வேக்காரரிடம் அவர் டெல்லியில் இருக்கிறது என்று சொன்னபோது இங்கே இல்லை.

குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து.

0–4. பேச்சு.
4–31. பேச்சு. குறுக்கே பல குரல்கள், ஒரே சொல், திரும்பத் திரும்ப. குறுக்கீடு அதிகம். தேவையில்லை.
31–33. பாட்டு. அரிது. ஒலி சுத்தம்.

எல்லை என்று எழுதியிருந்தால் தகராறு என்று முழு டேப்பையும் தள்ளியிருப்பார்கள். பாட்டாவது உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். இது உண்மை.

இதுவும் உண்மை. அப்போது நான் தற்காலிகம். ஆறு பதிவுக்கு எண் கிடைத்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். என்னிடம் ஐந்து இருந்தது.

நான் பதியப் போனது பாட்டு. எல்லை நடக்கிறேன் என்று அவர்தான் சொன்னார். புறப்படும்போது என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, இது சர்க்காருக்குக் கேக்குமல்லோ?" என்றார். "கேக்குமுங்க" என்றேன். அப்படிச் சொல்லாவிட்டால் அவர் நடந்திருக்கமாட்டார், களைத்திருக்கமாட்டார், உட்கார்ந்து பாடியிருக்கமாட்டார் என்று பிறகு ஒருநாள் யோசித்தேன். அன்று எதையும் யோசிக்கவில்லை. மைக்கில் காற்று விழாமல் பிடிப்பதில்தான் கவனம்.

பாட்டைக் கேசட்டில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

அமலி


மாரமங்கலம்
13.1.1984

நேற்று விசாரணை.

வேறு எதுவும் இல்லாததால் கேசட்டைக் கொண்டுபோனேன். மாரியப்பன் கடை மிஷினையே தூக்கிக் கொடுத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அதிகாரி நல்ல மாதிரி. எங்களை உட்காரச் சொன்னார். ரோஸ்மவுண்ட் மானேஜரும் வந்திருந்தார், வரைபடம், ரசீது, பழைய பத்திரம் எல்லாம் ஒரு தோல்பைக்குள். என் முறை வந்தபோது டேப் இருக்கிறது என்றேன்.

"டேப்பா? போடுங்க, கேப்போம்."

போட்டேன். அப்பா பாடினார். பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஜெயகுமாரி என்கிற பெண் கையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள். மானேஜர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. அதிகாரி, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். இன்னொரு தடவை போட்டேன்.

"நொம்ப நல்லாருக்குதுங்க. உங்கப்பாவா?"

"ஆமாங்க."

"இதுல எல்லை எங்க வருதுங்க?"

"இதுல வராதுங்க."

"பின்ன எதுல?"

டெல்லியில இருந்துதுங்க என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் பேனாவைத் திறந்தார், எதையோ எழுதினார், மூடினார். ஒன்பது அடையாளத்தை வாயால் சொன்னேன். சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

பழனிசாமி வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மானேஜரோடு வந்தவர். நான் வெளியே வந்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"அதுல நான் வரலியா?"

"இல்லைங்க."

"ஒருக்காகூட?"

"இல்லைங்க."

அவர் முகம் லேசாயிற்று. நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாரியப்பனிடம் மிஷினைத் திருப்பிக் கொடுத்தபோது, "என்னுங்க ஆச்சு?" என்றான். "கேட்டாங்க" என்றேன்.

அங்கப்பன்


தில்லி
29.1.1984

அண்ணா,

நான் வருகிறேன். அதிகாரி முன்னால் சத்தியம் செய்து சொல்கிறேன். அன்று அங்கப்பனின் தந்தை சித்தன் என்பவர் பதினேழு அடையாளங்களையும் பெயர் சொல்லி நடந்தார், ஐந்து பேர் ஒத்துக்கொண்டார்கள், நான் காதால் கேட்டேன். எழுதியும் கொடுக்கிறேன். உத்தரவு இன்னும் வரவில்லை அல்லவா?

என்னென்ன அடையாளம் என்று கேட்பார்கள். நேற்று மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நடக்கும்போது ஒரு தடவை, குறிப்புத் தாள் எழுதும்போது இரண்டு தடவை, மூன்று முறை கேட்டவள். ஆனைக்கல். ரெட்டைப் பலா. சுனை. இந்த மூன்றும் உங்கள் கடிதத்தில் இருந்து வந்தவையா, என் நினைவில் இருந்து வந்தவையா என்று தெரியவில்லை.

எனக்கு நினைவிருப்பது வேறு. ஏற்றத்தில் அவருடைய மூச்சு. காய்ந்த இலைமேல் ஆறு ஜோடிக் கால். ஐந்து ஆமாவில் ஒன்று எப்போதும் கொஞ்சம் பிந்தி வரும். ஓரிடத்தில் யாரோ தும்மினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அவர் அதட்டிவிட்டு அந்தப் பெயரை மறுபடி சொன்னார். அதட்டியது காதில் இருக்கிறது. பெயர் இல்லை.

பெயர்களைக் கேட்க அன்று நான் போகவில்லை. மிஷினில் ஒலி முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் வருகிறேன். எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்பதை நான் இதுவரை உங்களுக்கு எழுதவில்லை.

அமலி


மாரமங்கலம்
2.4.1984

அமலிக்கு,

வர வேண்டாம். உத்தரவு மார்ச் ஆறாம் தேதி வந்துவிட்டது. சுனைக்கு மேலே, கீழே, மொத்தமும் எஸ்டேட்டுக்கு. மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருக்கிறது. எதை வைத்து?

உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவில்லை.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தப் பாட்டை அங்கிருந்து எடுத்துவிட முடியுமா? "டெல்லியில சாமை வெளையுதா? ஆரு காட்டுக் குருவிய ஓட்டறதுக்கு அங்க வெச்சிருக்காங்க?" என்கிறாள். உள்ளே போனது வெளியே வராது என்று ஒரு விதி இருக்கும். எனக்கே தெரியும். அவளிடம் எழுதிவிட்டேன் என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

போன வாரம் கல் நட ஆரம்பித்தார்கள். எஸ்டேட்டுக்கு வரைபடம் போடும் பையன் ஒருவர் சேலத்திலிருந்து வந்திருக்கிறார். மரியாதையான ஆள். சங்கத்துக்கே தேடிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க சார், ஒவ்வொரு கல்லுக்கும் எடத்துப் பேரு எழுதச் சொல்றாங்க. எஸ்டேட்ல ஒருத்தருக்கும் தெரியலீங்க. உங்களக் கேட்டாத் தெரியும்னாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். காப்பி பூத்துக் கிடந்தது, மலையே வெள்ளையாக. அம்மா ஆனைக்கல்லில் ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயரையும் அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். பின்னால் ஒருவன் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தான், புதுக் கல்லில் பெயரை எழுதினான். ஒன்பது கல் அப்படிப் போயிற்று. சுனையில் அம்மா நின்றாள்.

அவர் பென்சிலோடு காத்திருந்தார்.

"மேல இருக்கறதுக்கெல்லாம் பேரு இல்லீங்களாம்மா?"

"இருக்குதுங்க. எனக்குத் தெரியாதுங்க."

"அதனால என்னங்க, நம்பர் போட்டுக்கறேன்" என்றார்.

அம்மா கீழே இறங்கிவிட்டாள். நான் அவர்களோடு மேலே போனேன். முதல் முறையாக. பத்து, பதினொன்று என்று எழுதிக்கொண்டே போனார்கள். பெயிண்ட் பிடித்த பையனுக்கு நல்ல கையெழுத்து. பதினேழாவது கல் ஒரு பாறை ஓரமாக வந்தது, அதன்மேல் தேய்ந்த குழி ஒன்று, யாரோ பல காலம் கை வைத்து வைத்துத் தேய்ந்ததுபோல. அதற்கு ஏதோ ஒரு பெயர் இருக்க வேண்டும்.

"சார், இது என்னுங்க?" என்று கேட்டார்.

"பதினேழுங்க" என்றேன்.

அங்கப்பன்